பின்புறத் தாங்குதண்டு கழற்றல்

பின்புறத் தாங்குதண்டு கழற்றல் என்பது, மகிழுந்தின் பின்சக்கரத்திற்கும் உடற்கூட்டிற்கும் இடையே அமைந்துள்ள தாங்குதண்டை வண்டியிலிருந்து பிரித்தெடுக்கும் பணியாகும். சுருள்வில்லும் அதிர்வுத்தணிப்பியும் ஒன்றாக இணைந்த உறுப்பே தாங்குதண்டு எனப்படுகிறது. பட்டறை வழக்கில் இது ஸ்ட்ரட் என்றும், சில வேளைகளில் பொதுவாக ஷாக் அப்சார்பர் என்றும் அழைக்கப்படுகிறது. புதிய வண்டியில் எளிதாக முடியும் இப்பணி, பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் போல்ட்டுகள் இறுகிப்போவதால் கடினமாகிறது.

"இறுகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், தாங்குதண்டு வெளிவர மறுப்பதற்கு ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல காரணங்கள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் தீர்வு வேறு. காரணத்தை அறியாமல் விசையை மட்டும் கூட்டினால் போல்ட் முறியலாம். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டி சரியலாம். எனவே வீட்டில் இப்பணியைச் செய்வோருக்கு வலிமையை விட நோயறியும் திறனே முதன்மையானதாகும்.

அமைப்பு

மகிழுந்தின் தொங்கல் அமைப்பில் இரு வேறு வேலைகள் நடைபெறுகின்றன. சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது சுருங்கி விரிகிறது. ஆனால் வில் மட்டும் இருந்தால் வண்டி நெடுநேரம் ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்த ஊசலாட்டத்தை அடக்குவது அதிர்வுத்தணிப்பியின் வேலையாகும். இதனுள் உள்ள உந்துதண்டு அசையும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே செலுத்தப்படுகிறது. அதனால் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. பல தணிப்பிகளில் எண்ணெயில் நுரை உண்டாவதைத் தடுக்க நைட்ரசன் வளிமம் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும்.

பின்புறத் தாங்குதண்டுகள் பொதுவாக இரண்டு வகையில் பொருத்தப்படுகின்றன.

* முதல் வகையில் தணிப்பியின் குழாய், சக்கரத் தாங்கியுடன் இரண்டு போல்ட்டுகளாலோ ஒரு கவ்வியாலோ பிணைக்கப்படுகிறது. சக்கரத்தின் சாய்வை நிலைநிறுத்துவதிலும் தாங்குதண்டிற்குப் பங்கு உண்டு.
* இரண்டாம் வகையில் சக்கரத்தின் நிலையைத் தனியான ஒரு கையோ அச்சுச் சட்டமோ தீர்மானிக்கிறது. தாங்குதண்டின் அடிமுனையில் உள்ள ரப்பர் புஷ் வழியாக ஒரு நீண்ட போல்ட் குறுக்கே செல்கிறது.

இரு வகைகளிலும் மேல்முனை உடற்கூட்டின் உலோகத் தகட்டில் நட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். இந்நட்டுகளைப் பொருட்பெட்டியின் உள்ளிருந்தோ பின்னிருக்கையின் பக்கவாட்டு மூடியை அகற்றியோ அணுகலாம்.

வரலாறு

சக்கரத் தாங்குதண்டு அமைப்பை இன்றைய வடிவில் உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் ஆவார். செனரல் மோட்டார்சு நிறுவனத்தில் பணியாற்றிய இவர் 1947ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தில் இணைந்தார். 1950ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செபிர் ஆகிய மகிழுந்துகளின் முன்சக்கரங்களில் இவ்வமைப்பு இடம்பெற்றது. லோட்டசு நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் இதே கருத்தை 1950களின் பிற்பகுதியில் தமது மகிழுந்துகளின் பின்சக்கரங்களுக்குப் பயன்படுத்தினார். அதனால் பின்புறத் தாங்குதண்டு சாப்மன் தாங்குதண்டு என்றும் அழைக்கப்படுகிறது.

இந்திய மகிழுந்துகளில்

2014ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட இந்துசுத்தான் அம்பாசடர் மகிழுந்தின் பின்புறத்தில் பட்டைவில் அமைப்பே இருந்தது. 1999 முதல் 2007 வரை இந்தியாவில் விற்கப்பட்ட மாருதி பலேனோ மகிழுந்தில் நான்கு சக்கரங்களுக்கும் மெக்பெர்சன் வகைத் தாங்குதண்டுகள் இருந்தன. 2015ஆம் ஆண்டில் அதே பெயரில் வந்த மகிழுந்து இதனின்றும் வேறானது. 1998ஆம் ஆண்டில் அறிமுகமான டாட்டா இண்டிகாவின் பின்புறத்தில் தணிப்பியின் மீதே சுருள்வில் அமைந்த இரண்டாம் வகை இடம்பெற்றது.

இன்றைய பல சிறிய மகிழுந்துகளில் சுருள்வில் ஓரிடத்திலும் தணிப்பி வேறிடத்திலும் உள்ளன. இவற்றில் சுருள்வில்லை அழுத்தும் வேலை இல்லையெனினும் வேறோர் ஆபத்து உண்டு. பின் அச்சுச் சட்டம் கீழே இறங்கும் அளவை அந்தத் தணிப்பியே கட்டுப்படுத்துகிறது. சட்டத்திற்கு முட்டுக் கொடுக்காமல் தணிப்பியைக் கழற்றினால் சட்டம் கீழே விழும். சுருள்வில் தன் இருக்கையிலிருந்து வெளியேறிவிடும்.

மாற்ற வேண்டிய நிலையை அறிதல்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில் உள்ள பென்னாகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கிருந்து காவிரியை நோக்கி இறங்கும் மலைப்பாதையில் வளைவுகள் மிகுதி. ஆட்களும் பொருள்களும் நிறைந்த வண்டி இத்தகைய சாலையில் இறங்கும்போது, தணிப்பி தளர்ந்திருந்தால் பின்சக்கரம் தரையை ஒரே சீராகப் பற்றாது. அதனால் வளைவில் வண்டியின் பின்பகுதி விலகக்கூடும். தடை பிடிக்கும் தொலைவும் கூடும். தளர்ச்சியைக் கீழ்க்காணும் அறிகுறிகளால் அறியலாம்.

* வண்டியின் பின்மூலையைக் கையால் அழுத்தி விட்டால், ஒருமுறை எழுந்து அடங்காமல் பலமுறை ஆடுதல்
* தணிப்பியின் குழாயில் எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி படிந்திருத்தல்
* டயரின் மேற்பரப்பு ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருத்தல்
* வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்புறத்தில் தட்டும் ஓசை எழுதல்

ஒரு பக்கம் மட்டும் பழுதடைந்திருந்தாலும் இரு பக்கத் தணிப்பிகளையும் ஒன்றாக மாற்றுவதே முறையாகும். இல்லையெனில் வலப்புறமும் இடப்புறமும் வெவ்வேறு விதமாக இயங்கும்.

இறுகுவதற்கான காரணங்கள்

இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் துரு, மூல இரும்பை விடப் பன்மடங்கு இடத்தை அடைக்கிறது. போல்ட்டிற்கும் துளைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் துரு வளர்ந்தால், அது ஆப்பு அடித்தது போல இரண்டையும் பிணைத்துவிடும். எஃகு போல்ட் அலுமினியப் பாகத்தினுள் இருந்தால், ஈரத்தின் உதவியால் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு துருவை விரைவுபடுத்துகிறது. தருமபுரி மாவட்டம் கடலிலிருந்து தொலைவில் உள்ளது. ஆயினும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் சக்கரத்தின் உட்புறத்தில் அப்பும் சேறு போல்ட்டைச் சுற்றி நெடுநாள் ஈரத்தைத் தேக்கி வைக்கிறது. கடலோர நகரத்தில் ஓடிய பழைய வண்டியை வாங்கி வந்திருந்தால், அங்கே தொடங்கிய துருவும் உடன் வந்திருக்கும்.

இறுக்கத்தின் வகைகள்

கழற்றத் தொடங்குமுன் எந்த இணைப்பு, எதனால் மறுக்கிறது என்பதை அறிய வேண்டும்.

1. நட்டு மரையில் இறுகுதல். நட்டும் அசையாது, போல்ட்டும் அசையாது. ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும் இதற்குப் பெரும்பாலும் போதுமானவை.
2. போல்ட் புஷ்ஷினுள் இறுகுதல். நட்டு கழன்றுவிடும், ஆனால் போல்ட்டின் தலையைத் திருப்பினால் சற்றே சுழன்று, விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பும். போல்ட்டுடன் புஷ்ஷின் உட்குழாயும் ஒட்டிக்கொண்டு, ரப்பர் முறுக்கிக்கொள்வதே இதற்குக் காரணம்.
3. போல்ட்டின் மீது சுமை இருத்தல். இங்கே துருவே இல்லை. போல்ட் எளிதாகச் சுழலும். ஆனால் வெளியே வராது. தொங்கும் அச்சுச் சட்டத்தின் எடை போல்ட்டைக் குறுக்காக அழுத்திக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் அடியில் ஒரு ஜாக்கியை வைத்துச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கினால், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் போல்ட் கையாலேயே உருவிவரும்.
4. குழாய் கவ்வியில் இறுகுதல். போல்ட் வெளிவந்த பின்னும் தாங்குதண்டின் குழாய் சக்கரத் தாங்கியை விட்டு நகராது. கவ்வியின் பிளவைச் சற்றே விரித்தால் குழாய் விடுபடும்.
5. உந்துதண்டு சேர்ந்து சுழலுதல். மேல்முனையின் நடுநட்டைத் திருப்பும்போது உந்துதண்டும் உடன் சுழலும். தண்டின் நுனியில் உள்ள பட்டையையோ அறுகோணக் குழியையோ பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். ஆனால் இந்நட்டைத் தொடும் நேரம் பற்றிய எச்சரிக்கை கீழே தரப்பட்டுள்ளது.

மூன்றாம் வகையை முதல் வகை எனக் கருதிச் சுத்தியலால் அடிப்பது பரவலாகக் காணப்படும் தவறாகும். இதனால் நல்ல போல்ட்டின் மரை நசுங்கி, இல்லாத இறுக்கம் உண்டாகிவிடுகிறது.

தேவையான கருவிகள்

தாங்குதண்டின் கீழ் போல்ட் பெரும்பாலும் 12 அல்லது 14 மில்லிமீட்டர் விட்டம் உடையது. 12 மில்லிமீட்டர் போல்ட்டிற்கு வண்டியைப் பொறுத்து 17, 18 அல்லது 19 ஆம் எண் ஸ்பேனர் பொருந்தும். இறுகிய தலைக்கு ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பேனரே ஏற்றது. பன்னிரண்டு முனை ஸ்பேனர் தலையின் மூலைகளை மட்டும் பற்றுவதால் அவற்றை மழுக்கிவிடக்கூடும். இரு முனையும் திறந்த ஸ்பேனரை இறுதி வரை தவிர்ப்பது நல்லது.

நெம்புகோலின் நீளம் கூடினால் முறுக்குவிசை கூடும். 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 30 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைக் கொடுத்தால் ஏறக்குறைய 88 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதே விசையை 90 செ.மீ. நீளக் குழாயைச் செருகிக் கொடுத்தால் 265 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். இது துருவை உடைக்கப் போதுமானது. போல்ட்டை முறிக்கவும் போதுமானதாக இருக்கலாம். குழாயை வெட்டென இழுக்காமல், விசையை மெல்லக் கூட்டி, போல்ட் தரும் உணர்வைக் கவனிக்க வேண்டும்.

இவற்றுடன் ஜாக்கி இரண்டு, தாங்குகால் இரண்டு, கம்பித் தூரிகை, ஊடுருவும் எண்ணெய், சுத்தியல், கண்ணாடி, கையுறை ஆகியன தேவை. சுருள்வில்லைத் தணிப்பியிலிருந்து பிரிக்க வேண்டுமாயின் வில் அழுத்தி எனப்படும் தனிக் கருவி இன்றியமையாதது.

வண்டியை உயர்த்துதல்

பெரும்பாலான மகிழுந்துகளில் கைத்தடை பின்சக்கரங்களில் மட்டுமே செயற்படுகிறது. பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியவுடன் கைத்தடையால் எப்பயனும் இல்லை. எனவே முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டைகள் வைக்க வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியாயின் முதல் கியரிலும் நிறுத்த வேண்டும்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பின் தளர்த்த முயன்றால் வண்டி அசையும்.

ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவியே அன்றித் தாங்குவதற்கானது அன்று. தூக்கிய பின் உடற்கூட்டின் வலுவான இடங்களில் தாங்குகால்களை வைத்து, அவற்றின்மேல் எடையை இறக்க வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கருங்கல் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கருங்கல் நொறுங்காவிடினும் வழுக்கும். மண்தரை முற்றத்தில் மழைக்குப் பின் தாங்குகால் ஒருபுறமாகப் புதையக்கூடும். அத்தகைய தரையில் தடித்த மரப்பலகையை அடியில் இட வேண்டும். சரிவான தரையில் இப்பணியையே செய்யலாகாது. கழற்றிய சக்கரத்தை உடற்கூட்டின் அடியில் கிடத்தி வைப்பது கூடுதல் காப்பாகும்.

கழற்றும் முறை

1. முதல் நாளே போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மரையின் இரு பக்கத்திலும் ஊடுருவும் எண்ணெய் இட்டு இரவு முழுதும் விட வேண்டும்.
2. சக்கரத்தைக் கழற்றி, அச்சுச் சட்டத்தின் அடியில் இரண்டாம் ஜாக்கியை மெல்லத் தொடும்படி வைக்க வேண்டும்.
3. தடை எண்ணெய்க் குழலும் சக்கரவேக உணரியின் கம்பியும் தாங்குதண்டில் மாட்டப்பட்டிருந்தால் அவற்றை விடுவிக்க வேண்டும். சக்கரத் தாங்கியை அக்குழலில் தொங்க விடலாகாது.
4. முதல் வகைத் தாங்குதண்டாயின், போல்ட் இருந்த நிலையை வண்ணப்பூச்சால் குறித்துக்கொள்ள வேண்டும்.
5. கீழ் போல்ட்டின் நட்டைக் கழற்றி, ஜாக்கியின் உயரத்தைச் சரிசெய்து போல்ட்டை உருவ வேண்டும்.
6. இறுதியாக மேல்முனையின் வெளிவட்ட நட்டுகளைக் கழற்ற வேண்டும். கடைசி நட்டு கழலும்போது கீழிருந்து ஒருவர் தாங்குதண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இளகாத போல்ட்

முதலில் எதிர்த்திசையில், அதாவது இறுக்கும் திசையில், மிகச் சிறிதளவு திருப்பிப் பார்க்கலாம். துருவின் பிணைப்பு உடைவதற்கு எத்திசை அசைவாயினும் போதும். அசைந்த பின் ஒரேயடியாகக் கழற்றாமல், கால் சுற்று விட்டு மீண்டும் இறுக்கி, எண்ணெய் இட்டு முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். இல்லையெனில் பொடியான துரு மரையில் திரண்டு மீண்டும் இறுகும்.

பட்டறைகளில் மண்ணெண்ணெய், டீசல் ஆகியன நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. இன்று பரவலாகக் கிடைக்கும் டபிள்யூடி-40 என்னும் நீர்மம், 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டதாகும். இறுகிய மரைக்கென்றே தயாரிக்கப்படும் ஊடுருவும் எண்ணெய்கள் தனியாக உள்ளன. எதுவாயினும் நேரமே முதன்மையான துணையாகும்.

இரண்டாம் வகை இறுக்கத்திற்கு, போல்ட்டின் நுனியில் நட்டைச் சில சுற்று மாட்டி, மரையைக் காத்துக்கொண்டு சுத்தியலால் நேராகத் தட்டலாம். அதற்கும் அசையாவிடில், புஷ்ஷிற்கும் பிடிமானத் தகட்டிற்கும் இடையே இரும்பறுக்கும் வாளைச் செலுத்திப் போல்ட்டை இருபுறமும் அறுத்தெடுப்பதே வழி. பழைய தாங்குதண்டு எவ்வாறும் மாற்றப்படுவதால் அதன் புஷ் வெட்டுப்பட்டாலும் இழப்பில்லை. தகட்டை வெட்டாமல் காப்பதே இங்குக் கருத்தாகும்.

வெப்பமூட்டல் பட்டறைகளில் கையாளப்படும் முறையாகும். 12 மில்லிமீட்டர் எஃகுத் துளையை 200 பாகை செல்சியசு அளவு சூடேற்றினால் அது 0.03 மில்லிமீட்டர் அளவே விரியும். துருவின் பிடியை உடைக்க இச்சிறு அளவே போதுமானது. ஆனால் பின்சக்கரத்தின் அருகே எரிபொருள் தொட்டியும் தடை எண்ணெய்க் குழலும் உள்ளன. தணிப்பியினுள் அழுத்தப்பட்ட வளிமமும் எண்ணெயும் உள்ளன. சூடேறினால் அது வெடிக்கக்கூடும். ஊடுருவும் எண்ணெயும் தீப்பற்றும். எனவே வீட்டில் தீச்சுடரைப் பயன்படுத்துவது கூடாது.

சுருள்வில்லின் ஆபத்து

மேல்முனையில் பொதுவாக இரு வகை நட்டுகள் இருக்கும். வெளிவட்ட நட்டுகள் தாங்குதண்டை உடற்கூட்டுடன் பிணைக்கின்றன. நடுவிலுள்ள ஒற்றை நட்டு, அழுத்தப்பட்ட சுருள்வில்லை அடக்கி வைத்திருக்கிறது. வில் அழுத்தியைப் பூட்டாமல் நடுநட்டைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தானது.

இதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு மில்லிமீட்டர் சுருங்க 20 நியூட்டன் விசை தேவைப்படும் வில் ஒன்று 150 மில்லிமீட்டர் சுருக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அப்போது அது 3000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் 225 சூல் ஆகும். இது 10 கிலோகிராம் எடையுள்ள கல் 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மோதுவதற்கு நிகரானது.

வில் அழுத்தியின் இரு கொக்கிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சம அளவில் இறுக்க வேண்டும். வில் தன் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கிய பின்னரே நடுநட்டைத் தொட வேண்டும். வில்லின் இரு முனைகளுக்கும் நேராக முகத்தையோ உடலையோ வைக்கலாகாது. கயிறு, கம்பி, சங்கிலி ஆகியவற்றால் வில்லைக் கட்டுவது வில் அழுத்திக்கு மாற்றாகாது. நடுநட்டு ஒன்றினால் மட்டுமே உடற்கூட்டில் பொருத்தப்பட்ட வண்டிகளில், அந்த வண்டிக்குரிய பணிமனைக் கையேட்டின் முறையையே பின்பற்ற வேண்டும்.

திரும்பப் பொருத்துதல்

அறுக்கப்பட்ட போல்ட்டிற்கு மாற்றாக, கண்ணில்பட்ட போல்ட் ஒன்றைப் பொருத்தலாகாது. போல்ட்டின் தலையில் உள்ள எண் அதன் வலிமையைக் குறிக்கிறது. 8.8 எனில் அது 800 மெகாபாசுக்கல் வரை இழுவிசையைத் தாங்கும். அதில் 80 விழுக்காட்டில், அதாவது 640 மெகாபாசுக்கலில், நிலையாக நீளத் தொடங்கும். 10.9 எனில் இவ்வளவுகள் முறையே 1000, 900 ஆகும். 4.6 வகைச் சாதாரண போல்ட்டின் வலிமை 400 மெகாபாசுக்கல் மட்டுமே. கழற்றியதற்கு நிகரான எண்ணும் நீளமும் உடைய போல்ட்டையே பொருத்த வேண்டும். நைலான் வளையம் கொண்ட நட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல் புதியன வாங்க வேண்டும்.

புஷ் வழியே செல்லும் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தின் மீது இருக்கும் நிலையிலேயே முழுமையாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியவுடன் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிலைத்து விரைவில் கிழிந்துவிடும். போல்ட்டின் மரையற்ற உடற்பகுதியில் மெல்லிய அளவில் துருத்தடுப்புக் களிம்பு பூசுவது அடுத்த முறை கழற்றுவதை எளிதாக்கும். சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். முதல் வகைத் தாங்குதண்டை மாற்றியிருந்தால் சக்கரச் சீரமைப்பும் பார்க்க வேண்டும்.

கழற்றிய தணிப்பியைப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது, அதனுள் அழுத்தப்பட்ட வளிமம் உள்ளதைத் தெரிவிக்க வேண்டும். அதைத் தீயிலிடுவதோ வெல்டிங் சுடரால் வெட்டுவதோ ஆபத்தானது.

நிறுத்த வேண்டிய நிலை

கீழ்க்காணும் நிலைகளில் வீட்டுப் பணியை நிறுத்திவிட வேண்டும்.

* போல்ட்டின் தலை முற்றிலும் மழுங்கிவிடுதல்
* போல்ட் சுழல்வதுபோல் தோன்றினும் நட்டு நகராமல், தண்டு முறுகி மெலிதல்
* உடற்கூட்டினுள் பற்றவைக்கப்பட்ட நட்டு விடுபட்டுச் சேர்ந்து சுழலுதல்
* மேல்முனை பொருந்தும் தகடு துருவால் அரிக்கப்பட்டிருத்தல்

கடைசி நிலையில் புதிய தாங்குதண்டால் பயனில்லை. தகட்டைச் சீராக்குவதே முதல் தேவையாகும். பென்னாகரம் போன்ற சிறு நகரங்களிலும் வெல்டிங் பட்டறை, பஞ்சர் கடை, லேத் பட்டறை ஆகியவற்றின் உதவியை நாட இயலும். பணியைப் பாதியில் நிறுத்துவோர், கழற்றிய போல்ட்டுகள் அனைத்தையும் மீண்டும் முழுமையாக இறுக்கிய பின்னரே வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். போல்ட்டின் தலை மழுங்கியதால் இழப்பது பட்டறைக் கூலி மட்டுமே. தளர்ந்த போல்ட்டுடன் வண்டி சாலையில் இறங்கினால் ஏற்படும் இழப்பு அதனோடு நிற்பதில்லை.

இவற்றையும் பார்க்க

* தொங்கல் அமைப்பு
* சுருள்வில்
* துருப்பிடித்தல்
* முறுக்குவிசை